சித்தப்பா வளர்த்த கோட்டை

தெரியாது, இல்லை, மாட்டேன். இந்த மூன்று சொற்களும் யாருக்கும் பதிலாகச் சித்தப்பாவின் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை.

ஒருநாள் களுவாஞ்சிக்குடிச் சந்தியில் அவரும் நானும் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தோம். பெரிய பெட்டியொன்றை இழுத்துக்கொண்டு வந்த வயதான ஒருவர், "தம்பி, இந்த பஸ் வாகரைக்குப் போகுமா?" என்று கேட்டார். வந்து நின்றது மட்டக்களப்போடு நின்றுவிடும் பஸ். சித்தப்பா, "ஓம், ஏறுங்க" என்று சொல்லி, பெட்டியையும் தூக்கி உள்ளே வைத்துவிட்டார். பஸ் போன பிறகு நான் கேட்டேன்.

"அது வாகரைக்குப் போகாதே சித்தப்பா."

"தெரியும் மகள். அந்த மனிசன்ட மூஞ்சியப் பாத்தியா? எவ்வளவு நேரமா வெயிலுக்குள்ள நிண்டிருப்பாரு. கொஞ்ச நேரம் சந்தோசமா இரிந்து போகட்டும்."

நான் சிரித்துவிட்டேன். அந்த வயதில் எனக்கு அது சிரிப்பாகத்தான் பட்டது. மட்டக்களப்பில் பெட்டியோடு இறங்கி நின்ற அந்த மனிதரைப் பற்றி நான் நினைக்கவில்லை. சித்தப்பாவும் நினைத்திருக்கமாட்டார்.

அவர் என் அம்மாவின் தங்கையைக் கலியாணம் முடித்தவர். மாங்கேணியில் கரைவலை இழுக்கிற குடும்பத்தில் பிறந்தவர். எங்கள் பகுதியில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்கு எழுதுவதுதான் வழமை. ஆண், பெண் வீட்டுக்கு வந்து குடியேறுவான். அப்படித்தான் சித்தப்பாவும் ஒரு துணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு வாவி கடந்து படுவான்கரையில் இருக்கிற எங்கள் ஊருக்கு வந்தார். ஊரில் ஒருவரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. "மாங்கேணியார்" என்றார்கள். தலை நரைத்த பிறகும் அவர் மாங்கேணியார்தான்.

கடல் தெரிந்த மனிதருக்கு வயல் தெரியவில்லை. வயல் வட்டையில் தண்ணீர் பங்கிடும்போது ஆண்கள் கூடிக் கதைப்பார்கள். இவரும் போய் ஓரமாக நிற்பார். ஒருவரும் இவரிடம் ஒன்றும் கேட்கமாட்டார்கள். வீட்டிலும் அதுதான். வேலிக்குக் கதியால் நடுவதென்றாலும், மாட்டை விற்பதென்றாலும் சின்னம்மாவின் முடிவு. சின்னம்மா நேர் எதிரான பிறவி. எதைக் கேட்டாலும் அவவுடைய முதல் சொல் "ஏலா" என்பதுதான். கோயில்காரர் வந்து கேட்டாலும் ஏலா, சங்கத்தார் வந்து கேட்டாலும் ஏலா. ஆனால் ஒன்றுக்கு ஓம் என்று சொல்லிவிட்டாவென்றால் உயிர் போனாலும் செய்வா. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. எங்கள் வளவும் அவர்கள் வளவும் பக்கத்தில் பக்கத்தில் என்பதால் நானும் தம்பியும் இரண்டு வீட்டுப் பிள்ளைகளாக வளர்ந்தோம்.

சித்தப்பாவை எனக்கு நிறையப் பிடிக்கும். அதையும் சொல்லத்தான் வேண்டும். உயர்தரச் சோதனையில் நான் முதல் தடவை தவறியபோது வீட்டில் எல்லோரும் என்னைப் பார்க்காமல் நடந்தார்கள். அவர் மட்டும் வந்து பக்கத்தில் குந்தி, "பாஸ் பண்ணின பிள்ளையளை எல்லாம் பாத்திட்டுத்தான் வாறன். ஒண்டிட முகத்திலயும் உன்ட முகத்தில இரிக்கிற வெளிச்சம் இல்ல மகள்" என்றார். அவர் அன்று எவரையும் பார்க்கப் போகவில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் எழும்பிப் போய் முகம் கழுவினேன்.

அப்பா சாகக் கிடந்தபோது மாரி வெள்ளம். நாங்கள் விதைத்திருந்த வயல் முழுவதும் தண்ணீருக்குள் அழுகிக்கொண்டிருந்தது. அப்பாவுக்கு நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. நினைவு வரும் நேரமெல்லாம், "வெட்டிப்போட்டாங்களா?" என்று கேட்டார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டா. சித்தப்பா கட்டிலருகே இருந்து, "ஓம் அண்ணன், நேத்தே வெட்டியாச்சு. கதிரு அப்பிடிச் சாஞ்சு கிடந்திச்சு. சூடு மிதிச்சு, தூத்தி, மூட்டை கட்டி வச்சிரிக்கு. கொக்கு வந்து விழுந்த மாதிரி வளவெல்லாம் வைக்கோல்" என்று சொன்னார். வயலே தெரியாத மனிதர், ஒவ்வொன்றாக, நிதானமாகச் சொன்னார். அப்பாவின் முகம் தெளிந்தது. அந்த முகத்தோடுதான் அவர் போனார். அம்மா அதை ஒருநாளும் மறக்கவில்லை.

கோட்டை இந்தக் கதைக்குள் வருவது நாட்டில் சண்டை முடிந்த பிறகுதான்.

எங்கள் ஊரில் வாவிக்கரையோரம் ஒல்லாந்தர் காலத்துக் கோட்டை ஒன்று இருந்தது. கோட்டை என்று சொன்னால் பெரிதாக நினைக்கவேண்டாம். முருகைக்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துக் கட்டிய இரண்டு சுவர், ஒரு வளைந்த வாசல், ஒரு மூலையில் காவல் நிற்கிற மேடை. அவ்வளவுதான். சுவரைப் பிளந்துகொண்டு ஆலமரம் ஒன்று நின்றது. மாடுகள் வெயிலுக்கு அதற்குள் படுத்திருக்கும். ஊரில் கிணறு கட்டினவர்கள், வீட்டுக்கு அத்திவாரம் போட்டவர்கள் எல்லோரும் அங்கிருந்துதான் கல்லுத் தூக்கினார்கள். எங்கள் வீட்டுத் துணி தோய்க்கிற கல்லும் அதுதான்.

பாதைகள் திறந்ததும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். குருக்கள்மடத்தில் மிதவையில் மோட்டார் சைக்கிளோடு ஏறி இறங்கி, வாவிக்கரையால் விசாரித்துக்கொண்டு வருவார்கள். முதலில் வெள்ளைக்காரர் ஒன்றிரண்டு பேர். பிறகு லண்டன், கனடாவிலிருந்து வந்த எங்கள் ஆட்கள். தெற்கிலிருந்து சிங்களக் குடும்பங்கள். லீவு நாளில் காத்தான்குடியிலிருந்து சோற்றுப் பானையோடு வருகிறவர்கள். சித்தப்பா பொலனறுவையில் நெல் ஆலை ஒன்றில் வேலை செய்தவர், பிறகு சில வருசம் கட்டாரில் இருந்தவர். சிங்களமும் வரும், உடைந்த இங்கிலீசும் வரும். ஊரில் வேறு ஒருவருக்கும் அது வராது. யாரோ ஒருவர் வேலியால் எட்டிப் பார்த்து, "இது என்ன இடம்?" என்று கேட்டார். சித்தப்பா சேட்டொன்றை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். அன்று தொடங்கியதுதான்.

நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டிருக்கிறேன். வெள்ளைக்காரர் வந்தால் ஒல்லாந்துக் கப்பித்தானின் மகள் இந்த மேடையில் நின்று ஊருக்குப் போகிற கப்பலைப் பார்த்து அழுவாள். கண்டிப் பக்கத்து ஆட்கள் வந்தால் கண்டி ராசா மாறுவேசத்தில் வந்து ஒரு மாரிகாலம் இங்கே தங்கியிருப்பார். லண்டன்காரர் வந்தால் ஒல்லாந்தர் வரமுதலே ஒரு தமிழ்ச் சிற்றரசன் கட்டிய கோட்டையாக அது மாறிவிடும். காத்தான்குடியார் வந்தால், "உங்கட ஆக்கள்தான் வாசலைக் காத்த வீரருகள். ராசா உங்கட ஆக்களை மட்டும்தான் நம்பினவரு" என்பார். ஒவ்வொருவரும் தங்கள் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்துபோகிற மாதிரிச் சந்தோசமாகப் போவார்கள். காசு கொடுத்தால் வாங்கமாட்டார். கேட்டால் போதும் அவருக்கு. அவர் வாயைப் பார்த்துக்கொண்டு ஐந்தாறு பேர் நிற்கவேண்டும். அதற்காக அவர் சாப்பாட்டையும் விட்டுவிட்டுப் போவார்.

சின்னம்மா ஒருநாள் சொன்னா. "உங்கட கோட்டைக்கு ஒரு ராசாவா, நாலு ராசாவா? எல்லாரும் ஒருநாள் ஒண்டா வந்து கேட்டா என்ன செய்வீங்க?"

"ஒண்டா வரமாட்டாங்க புள்ள" என்றார் சித்தப்பா. அது மட்டும் அவருக்கு உறுதியாகத் தெரிந்திருந்தது.

எல்லாவற்றையும் கெடுத்தது ஒரு சொல். பிரான்சிலிருந்து வந்த ஒரு குடும்பம். தகப்பன் வெயிலில் வியர்த்து வடிந்தபடி அந்த இரண்டு சுவரையும் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்றார். சித்தப்பாவின் முகம் வாடிப்போனதை நான் கண்டேன். கோட்டையைச் சொன்னது போல இல்லை அது, அவரையே சொன்னது போல இருந்தது. ஊர்ப் பக்கம் திரும்பினார். பிறகு கையை நீட்டினார்.

"இது உள்கோட்டை ஐயா. வெளிக்கோட்டை அங்கால புளியடி மட்டும் போகுது. கண்ணுக்குத் தெரியா. எல்லாம் மண்ணுக்குள்ள. இந்த ஊரே கோட்டைக்குள்ளதான் இரிக்கு."

பிரான்ஸ்காரர் முகம் விரிந்தது. "அப்படியா?" என்று திரும்பி எங்கள் வீடுகளைப் பார்த்தார். சித்தப்பா அவரைக் கூட்டிக்கொண்டு எங்கள் வளவுக்குள் வந்து, துணி தோய்க்கிற கல்லைக் காட்டினார். "பாத்தீங்களா, கோட்டைக் கல்லு." கிணற்றுக் கட்டைக் காட்டினார். பள்ளிக்கூடப் படியைக் காட்டினார். எல்லாம் கோட்டைக் கல்தான். பொய்யில்லை.

அதற்குப் பிறகு கோட்டை வளர்ந்துகொண்டே போனது. வருகிறவர்களின் முகத்தைப் பொறுத்து அது புளியடியைத் தாண்டியது, கோயிலைத் தாண்டியது, வட்டை விளிம்புக்கும் போய்விட்டது. மட்டக்களப்பிலிருந்து ஒரு பொடியன் வந்து சித்தப்பாவை வைத்து வீடியோ எடுத்துப் போட்டான். மேலே பறக்கிற கமராவில் எங்கள் கூரைகள் தெரிய, சித்தப்பாவின் குரல், "நீங்க இப்ப பாக்கிறது ஊரில்ல, கோட்டை" என்று சொன்னது. தேற்றாத்தீவில் நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அதைப் போனில் பார்த்துவிட்டு, "டீச்சர், இது உங்கட ஊர்தானே?" என்று கேட்டார்கள். எனக்கு அன்று கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

அந்த வீடியோவைப் பார்த்துத்தான் கொழும்பிலிருந்து ஒருவர் வந்தார். பழைய இடங்களை எடுத்துத் திருத்தி, சுற்றுலா நடத்துகிற ஒரு திட்டத்தின் ஆள். படித்தவர், நல்ல தமிழ் கதைப்பார். சத்தம் போட்டு ஒருநாளும் கதைத்ததில்லை. சித்தப்பாவை "ஐயா" என்றுதான் கூப்பிடுவார். எங்கள் ஊரில் சித்தப்பாவை முதன்முதலாக ஐயா என்று கூப்பிட்டவர் அவர்தான். திரும்பத் திரும்ப வந்தார். ஒவ்வொரு தடவையும் சித்தப்பாவை நடக்கவிட்டு, "வெளிச்சுவர் இதாலயா ஐயா போகுது?" என்று கேட்டார். சித்தப்பா, "ஓம்" என்றார். "இந்தப் பக்கத்தாலும் இருந்திருக்குமா?" "ஓம், இரிந்திரிக்கும்." அவர்களுக்குப் பின்னால் இரண்டு பேர் சிவப்புத் துணி கட்டின தடிகளை நட்டுக்கொண்டு வந்தார்கள்.

தடிகள் எங்கள் வளவைச் சுற்றிப் போய், சின்னம்மாவின் குசினிக்குப் பின்னால் வந்து நின்றபோதுதான் ஊருக்கு விளங்கியது. கோட்டை இருந்த நிலம் அரசாங்கத்து நிலம். கோட்டை எவ்வளவோ, அரசாங்கத்து நிலமும் அவ்வளவு. அதைத் திட்டத்துக்குக் கொடுக்கப் போகிறார்கள். எங்களிடம் காணி உறுதிப் பத்திரங்கள் இருந்தனவா என்றால், இருந்தன. சண்டைக் காலத்தில் இரண்டு தரம் ஊரை விட்டு ஓடியதில் வீடுகளோடு அவையும் எரிந்துபோயின. இனி எங்கள் கையில் இருந்தது வாய்ச்சொல் ஒன்றுதான். அவர்கள் கையிலும் இருந்தது ஒரு வாய்ச்சொல்தான். சித்தப்பாவினுடையது.

பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். ஊர்ப் பெரியவர்கள் முதல் நாளே சித்தப்பாவைத் தேடி வந்தார்கள். வட்டையில் அவரை ஏறிட்டும் பார்க்காதவர்கள், அன்று அவருக்கு முன்னால் கைகட்டாத குறையாக நின்றார்கள். "மாங்கேணியார், உள்கோட்டை வெளிக்கோட்டை எல்லாம் சும்மா விளையாட்டுக்குச் சொன்னநான் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்க. காணும்." சித்தப்பா எல்லோரையும் பார்த்து, "ஓம், சொல்றன். கட்டாயம் சொல்றன்" என்றார். கூட்டத்தன்று காலையில் சின்னம்மா சோறு போட்டுவிட்டு அவருக்கு எதிரில் உட்கார்ந்தா. அவ அப்படி உட்கார்ந்து நான் கண்டதில்லை.

"இஞ்ச பாருங்க. நான் உங்களிட்ட ஒண்டும் கேட்டதில்ல. இது என்ட அம்மா எனக்குத் தந்த வீடு. பொய் எண்டு சொல்லுங்க. வேற ஒண்டும் வேணாம்."

"ஓம் புள்ள. சொல்றன்."

மண்டபம் நிறையச் சனம். சின்னம்மா முன்வரிசையில் இருந்தா. கொழும்பு ஐயா மேடையில் எழும்பி, தன்னுடைய கதிரையை இழுத்துப் போட்டு, "ஐயா, இதில வந்து இருங்க" என்று சித்தப்பாவைக் கூப்பிட்டார். மைக்கை அவர் கையில் கொடுத்தார்.

"நாங்க சொன்னா இந்தச் சனம் நம்பாது. இந்தக் கோட்டையைப் பற்றி உங்களை விடத் தெரிஞ்ச ஆள் ஒருத்தரும் இல்லை. நீங்களே சொல்லுங்க."

சித்தப்பா சின்னம்மாவைப் பார்த்தார். மைக்கைப் பார்த்தார். "நான் சொன்னதில கொஞ்சம் கூடக்குறைய இரிக்கும்..." என்று தொடங்கினார். மண்டபம் மூச்சை விட்டது. அந்த நேரம் கொழும்பு ஐயாவின் முகம் ஒரு சின்னச் சுருக்கம் சுருங்கியது. கோபமில்லை. ஏமாந்துபோனவர் முகம். சித்தப்பா அதைக் கண்டுவிட்டார்.

"கூடக்குறைய எண்டா, நான் குறைச்சுத்தான் சொல்லியிரிக்கன்" என்றார்.

பிறகு நடந்ததை எப்படிச் சொல்ல. அவர் அதைப் போல ஒருநாளும் சொன்னதில்லை. உள்கோட்டை, வெளிக்கோட்டை, இரண்டுக்கும் நடுவில் ஆனை கட்டின இடம், கோட்டையிலிருந்து வாவிக்குப் போகிற சுரங்கம். சுரங்கம் அன்றுதான் புதிதாக வந்தது. அது நேரே சின்னம்மாவின் வீட்டுக்குக் கீழாலே போனது. தங்கள் வீடு போகிறது என்பதை மறந்து பாதிச் சனம் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தது. சின்னம்மா எழும்பினா. சீலைத் தலைப்பை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நடுவால் நடந்து வெளியே போனா. அவர் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்றைக்குப் பிறகு சின்னம்மா அவரோடு ஒரு சொல்லும் கதைக்கவில்லை. சோறு போட்டா. சாரத்தைத் தோய்த்து மடித்து வைத்தா. கதைக்கவில்லை.

கோட்டையைச் சுற்றியிருந்த வீடுகளிலிருந்து எல்லோரையும் எழுப்பினார்கள். வட்டைக்கு அப்பால், காட்டோரமாக ஆளுக்கொரு துண்டு நிலமும் ஒரே அச்சில் வார்த்த சின்ன வீடும் தந்தார்கள். கிணற்றுத் தண்ணீர் காவி நிறம். பொழுதுபட்டால் யானை வரும். நாங்கள் நட்ட வாழை ஒன்றும் குலை தள்ளவில்லை. எங்கள் பழைய வளவுகளுக்குள் மண் தோண்டுகிற பெக்கோ இறங்கியது. சுரங்கம் தேடி சின்னம்மாவின் வீட்டு அத்திவாரத்துக்குக் கீழே ஆள் ஆழத்துக்குத் தோண்டினார்கள். உடைந்த சட்டி ஒன்றும் நண்டுக் குழியும் அகப்பட்டன. கொழும்பு ஐயா வந்து குழியை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாராம். ஆனால் தடியைப் பிடுங்கவில்லை. தோண்டின மண்ணை மூடிவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள்.

சித்தப்பாவுக்கு அங்கே வேலை கொடுத்தார்கள். வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிற வேலை. அது அதிக நாள் நீடிக்கவில்லை. அவர்கள் ஒரே கதையை அச்சடித்து வைத்திருந்தார்கள், எல்லோருக்கும் அதைத்தான் சொல்லவேண்டும். சித்தப்பாவால் முடியவில்லை. ஆளின் முகத்தைக் கண்டால் கதை மாறிவிடும். முறைப்பாடு வந்தது. அங்கே பொறுப்பாக இருந்த மனேஜர் பொடியன் நல்லவன், ஏசவில்லை. "நீங்க ஒண்டும் சொல்லத் தேவையில்ல ஐயா. சும்மா நிண்டாலே காணும்" என்று சொல்லி, தலைப்பாகையும் வேலும் சிவப்புக் கச்சையும் கொடுத்து வாசலில் நிறுத்திவிட்டான். முகத்தில் மீசையும் கீறிவிடுவார்கள். கதைக்கக்கூடாது. கோட்டைக் காவல்காரன்.

போன வருசம் எங்கள் பள்ளிக்கூட ஆசிரியர்கள் ஒரு பயணம் போனார்கள். எங்கே போவது என்று கேட்டபோது எல்லோரும் கோட்டைக் கிராமம் என்றார்கள். எனக்கு மறுக்க வழி தெரியவில்லை. சொந்த ஊருக்குள் நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு போனேன். சுவர்களைத் துப்புரவாக்கி, ஆலமரத்தை வெட்டி, புல் வளர்த்து வைத்திருந்தார்கள். எங்கள் வீடுகள் நின்ற இடத்தில் மண் வீடுகள் நாலைந்து கட்டியிருந்தார்கள், பண்டைக் காலத்துக் கிராமமாம். உள்ளே வேறு ஊரிலிருந்து வந்த பெண்கள் கூலிக்கு நெல் குத்திக்கொண்டிருந்தார்கள்.

"இதில எங்கட சின்னம்மாட குசினி நிண்டது" என்று நான் சொன்னேன்.

கூட வந்த டீச்சர் ஒருவர், "அப்ப இது உங்கட ஊரா? எவ்வளவு குடுத்துவச்சநீங்க" என்று சொல்லிவிட்டு உரலைப் படம் எடுத்தா.

வாசலில் சித்தப்பா வேலோடு நின்றார். ஒவ்வொருவராகப் பக்கத்தில் போய் நின்று படம் எடுத்தார்கள். சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தார். வேலை உயர்த்தச் சொன்னார்கள், உயர்த்தினார். எல்லோரும் பஸ்ஸுக்குப் போனதும் நான் கிட்டப் போய், "சாப்பிட்டீங்களா சித்தப்பா?" என்று கேட்டேன். அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "கதைக்கப்படா மகள். ஏசுவாங்க."

சின்னம்மாவுக்கு அந்தப் புது இடம் ஒத்துவரவில்லை. நோய், வருத்தம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. மெலிந்துகொண்டு வந்தா. ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றால் வழமை போல "ஏலா" என்றா. கடைசிக் கிழமைகளில் அந்தச் சொல்லும் நின்றுபோனது. ஒரு விடியப்புறம், அம்மா கோப்பி கொண்டுபோய் எழுப்பும்போது உடம்பு குளிர்ந்திருந்தது. சித்தப்பா அதற்கு முதல் நாளே கோட்டைக்குப் போயிருந்தார். ஆட்கள் நிறைய வருகிற நாட்களில் அங்கேயே தங்கிவிடுவார்.

நான்தான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு சொல்லப் போனேன். வாசலில் நின்றார். "சித்தப்பா, சின்னம்மா போயிட்டா" என்றேன். வேலைச் சுவரில் சாத்தினார். தலைப்பாகையைக் கழற்றிக் கையில் எடுத்தார். 

"ஏறுங்க. கூட்டிட்டுப் போறன்."

"நீ முன்னால போ மகள். உடுப்பை மாத்தி, மூஞ்சியக் கழுவிட்டு வாறன். இப்ப வாறன்."

நாங்கள் அவர் வரும் வழி பார்த்துக்கொண்டிருந்தோம். வெயில் ஏறியது, சாய்ந்தது. போனுக்கு எடுத்தால் அடித்துக்கொண்டே இருந்தது. புருசன் முகம் பார்க்காமல் எப்படி எடுப்பது என்று அம்மா பிடிவாதமாக நின்றா. அடக்கம் செய்கிற சேமக்காலைக்குப் போகிற வழி காட்டோரம், இருட்டினால் யானைக்கு ஆர் பதில் சொல்கிறது என்று ஆண்கள் கேட்டார்கள். கடைசியில் அம்மாவே, "எடுங்க" என்று சொன்னா. செய்யவேண்டியதெல்லாம் தம்பி செய்தான்.

அடக்கிவிட்டு வந்து குளித்து, பக்கத்து வீட்டார் கொண்டுவந்த சோற்றுக்கு முன்னால் நாங்கள் சும்மா இருக்கும்போது, சித்தப்பா வேலிக் கடப்புக்குள் வந்து நின்றார். சாரமும் சேட்டும் உடுத்திருந்தார். மீசை சரியாக அழியாமல் கன்னத்தில் கறுப்பாக இழுபட்டிருந்தது. தம்பி எழும்பி உள்ளே போய்விட்டான்.

"ஏன் வரல்ல சித்தப்பா?" என்று கேட்டேன்.

"வெளிக்கிட்டுத்தான் நிண்டன் மகள். பெரிய பஸ் ஒண்டு வருது, இது ஒண்டுக்கு மட்டும் நில்லுங்க ஐயா எண்டு அந்தப் பொடியன் கேட்டான். அதுக்குப் பின்னால இன்னொரு பஸ் வந்திட்டுது. அவன்ட மூஞ்சியப் பாத்து எப்பிடி ஏலா எண்டுற?"

"ஆர் செத்தது எண்டு அவனுக்குச் சொன்னீங்களா?"

அவர் நிலத்தைப் பார்த்தார். "சொல்லல்ல. சொன்னா அவனுக்குச் சங்கடமாப் போயிரும்."

 சின்னம்மா படுத்திருந்த பாய் சுருட்டி வெளியே வைக்கப்பட்டிருந்தது. அவர் அதைத் தாண்டி வந்து, சுவரோடு சாய்ந்து குந்தினார். ஒருவரும் அவருக்கு இடம் விடவுமில்லை, எழும்பிப் போகச் சொல்லவுமில்லை. அம்மாதான் எழும்பித் தட்டில் சோறு போட்டு, கறியை ஊற்றி, அவருக்கு முன்னால் வைத்தா. அவர் அம்மாவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். அழுது வீங்கின முகம். அதைக் கண்டதும் அவருடைய வாய் திறந்தது.

"அக்கா, அவ போன மாசம் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு..."

"ஒண்டும் சொல்லாதீங்க" என்றா அம்மா. சத்தம் உயரவில்லை. "ஒண்டும் சொல்லாம சாப்பிட்டு எழும்புங்க."

"ஓம் அக்கா" என்று சொல்லி, அவர் சோற்றைப் பிசையத் தொடங்கினார்.